பௌர்ணமியின் காலிக் கட்டங்கள்

டாக்டர் என் அண்ணியின் கைப்பேசித் திரையை எங்கள் இருவர் பக்கமும் திருப்பிய காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. வரிசையாகப் பச்சைக் கட்டங்கள். நான்கு மாதங்களில் நான்கு கட்டங்கள் மட்டும் காலி. அவற்றில் மூன்றுக்கு மறுநாள் ஒரு சிவப்புப் புள்ளி. பச்சை, அண்ணி வலிப்பு மாத்திரை போட்ட நாள். சிவப்பு, அவருக்கு வலிப்பு வந்த நாள்.

அதற்கு முன் இந்த விவரமெல்லாம் என் டைரியில்தான் இருந்தது. வலிப்பு தொடங்கிய மணி, நீடித்த நிமிடம், எந்தக் கை முதலில் இழுத்தது என்று ஆறு ஆண்டுகள் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் பௌர்ணமிக்கு மறுநாள் வருகிறது என்று கண்டுபிடித்ததும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. நிலாதான் காரணம் என்று வீட்டில் முடிவாகி, அண்ணியின் கிரிவலத்தை நிறுத்தினோம். கல்யாணமாகி வந்ததிலிருந்து மாதம் தவறாமல் மலையைச் சுற்றியவர் அவர். "வேற எதுவும் கேக்கலீங்க தம்பி, இதுக்கு மட்டும் என்னை விட்ருங்க" என்று கெஞ்சினார். நான் டைரியைத் திறந்து தேதிகளைப் படித்துக் காட்டினேன். அவர் உள்ளே போய்விட்டார். நடை நின்றது, வலிப்பு நிற்கவில்லை.

மாத்திரை நேரத்துக்கு மணியடிக்கும், போட்டதும் தொட்டால் பச்சையாகும் செயலியை அண்ணியின் போனில் ஏற்றித் தந்தவர் டாக்டர். என் டைரி இருக்கும்போது இது எதற்கு என்று நினைத்தேன். நான்கு மாதம் கழித்து அவர் திரையைப் பார்த்துவிட்டு, "இந்த நாள்ல எல்லாம் மாத்திரை போடலையாம்மா?" என்றார்.

"பௌர்ணமி விரதம்ங்க டாக்டர். பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படாது. மாத்திரை மட்டும் எப்படிப் போடறது?"

"இத்தனை வருஷமாவா அண்ணி?" என்றேன்.

"யாரும் கேக்கலியே! நான் எந்தக் கலர் புடவையில விழுந்தேன்னு வரைக்கும் எழுதினீங்களே தம்பி, மாத்திரை போட்டேனான்னு ஒரு நாள் எழுதக் கூடாதா?"

டாக்டர் சிரித்துவிட்டார். என் காது சுட்டது. விரதம் இருக்கலாம், மாத்திரையும் தண்ணீரும் மட்டும் நிற்கக் கூடாது என்றார் அவர்.

அடுத்த ஐந்து பௌர்ணமிகளும் பச்சை. சிவப்பே இல்லை. டாக்டர் சம்மதித்ததும், போன மாதப் பௌர்ணமி விடியற்காலையில் நானும் அண்ணியும் கிரிவலம் கிளம்பினோம். அவர் முன்னால் விறுவிறுவென்று நடந்தார். நான் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினேன். நாங்கள் இருக்கும் இடத்தை வீட்டிலிருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் கூப்பிட்டார். "இன்னாடா, புள்ளி இம்மா வேகமா போவுது? ஆட்டோல ஏறிட்டீங்களா?"

"உங்க அண்ணனைக் கூட வரச் சொல்லுங்க, தெரியும்" என்றார் அண்ணி, நிற்காமலே.

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் எட்டு மணிக்கு அவர் பையில் மணி அடித்தது. ஓரமாக நின்று மாத்திரையைப் போட்டு, இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தார். பக்கத்தில் இளைப்பாறிய பெரியம்மா ஒருவர், "விரதம் இல்லியாம்மா?" என்று கேட்டார்.

"விரதம்தாங்க. மாத்திரையை நிறுத்தித்தான் இத்தினி வருஷம் கீழ விழுந்து எழுந்தேன்."

அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு மாத்திரை அட்டை. "பிரஷருக்கு. காலையிலருந்து போடாம வெச்சிருக்கேன். அந்தத் தண்ணியை இப்படிக் குடும்மா."

அண்ணி பாட்டிலைத் திறந்து நீட்டினார். "மெதுவா குடிங்க. நாங்க நிக்கறோம்."