அம்மன் குதிரைக்கு ஆபரேஷன்

திருவொற்றியூர் மீனவக் குப்பத்தில் ரகுபதியை எல்லோரும் குதிரைக்காரன் என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு எரிச்சல் வரும். ஐம்பத்தைந்து வயதில் பாதிக்கு மேல் கடலில் கழித்தவர் அவர். விசைப்படகில் வலையை இழுக்கும் இயந்திரத்தில் வலது கை மாட்டி இரண்டு விரல்கள் போனபிறகுதான் கரையில் உட்கார்ந்தார். ஆனால் உட்கார்ந்தவனை நிம்மதியாக உட்கார விட ஊருக்கு மனசு வருமா?

அந்த நேரம் பார்த்துத்தான் குதிரை வந்து சேர்ந்தது. புயலில் மாட்டிய தன் படகு முழுசாகக் கரை திரும்பினால் அம்மனுக்கு உயிருள்ள குதிரையே விடுகிறேன் என்று ஒரு படகு முதலாளி வேண்டிக்கொண்டாராம். படகு திரும்பிவிட்டது. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஒரு வெள்ளைப் பெண்குதிரையை எங்கிருந்தோ பிடித்துவந்து, மாலை போட்டு, கோயிலின் பின்பக்கம் கட்டி, கற்பூரம் காட்டிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அது என்ன தின்னும், மழை வந்தால் எங்கே நிற்கும் என்று அவரும் சொல்லவில்லை, வேறு யாரும் கேட்கவுமில்லை. கிராமத்தார் கூடி யோசித்ததில், குப்பத்தில் சும்மா இருக்கிற ஒரே ஆள் ரகுபதி என்று தெரியவந்தது.

அன்றிலிருந்து அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் ராத்திரி தங்கியது கிடையாது. மகள் கல்யாணத்தன்றே மண்டபத்திலிருந்து பட்டுவேட்டியோடு ஓடிவந்து தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்பினார். "என்னைக் கட்டிக்கினதுக்கு குதிரையையே கட்டிக்கினு இருந்திருக்கலாம்" என்று அவர் மனைவி கன்னியம்மா சொல்வாள். முதலில் கோபமாகச் சொன்னாள். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள். இப்போதெல்லாம் சொல்வதில்லை.

ஊருக்கு அது அம்மன் குதிரை. போகிற வருகிறவர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஆடியில் அம்மன் ஊர்வலம் கிளம்பும்போது மஞ்சள் கொடியைச் சுமந்துகொண்டு முன்னால் போவது அதுதான். யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் ரகுபதி அதைப் பாப்பா என்று கூப்பிடுவார்.

வம்பு தீனியில்தான் வந்தது. அம்மனுக்குப் படைப்பதில் ஒரு பங்கைக் குதிரைக்கும் ஊட்டினால் நல்லது என்று யாரோ ஆரம்பித்து வைக்க, பொங்கல், வாழைப்பழம், வடை, பிஸ்கட் என்று வீட்டுக்கு வீடு கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்கள். புல் தின்கிற ஜீவன், வயிறு தாங்காது என்று ரகுபதி சொல்லிப் பார்த்தார். "ஆத்தாவுக்குக் குடுக்கறத நீ யாருய்யா தடுக்க?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள்.

இந்த ஆடியில் கூழ் வார்த்த அன்று மத்தியானம் அவர் கோயில் சுவரில் சாய்ந்து கொஞ்சம் கண்ணயர்ந்தார். திருவிழா தொடங்கியதிலிருந்து சரியான தூக்கம் இல்லை. முழித்துப் பார்த்தபோது குதிரையின் முன்னால் அன்னக்கூடை ஒன்று துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அதில் இருந்தது பூராவும் கூழ். பக்கத்தில் வாழை இலைகள். ஊரே வரிசையில் வந்து புண்ணியம் தேடிக்கொண்டு போயிருந்தது.

மறுநாள் விடியும்போது குதிரை முன்காலால் தரையைப் பிறாண்டியது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. உடம்பெல்லாம் வேர்வை. படுத்து உருள ஆரம்பித்ததும் ஓமத்தண்ணி கொடு என்றார் ஒருவர், சோடா கொடு என்றார் இன்னொருவர். ரகுபதி இரண்டையும் காதில் வாங்காமல் தங்கச்சி மகன் வெற்றியை எழுப்பினார். வெற்றி காசிமேட்டில் ஐஸும் மீனும் ஏற்றுகிற குட்டி வண்டி ஓட்டுகிறவன்.

"வேப்பேரி மாட்டாஸ்பத்திரிக்குப் போவணும்டா."

"ஏத்த முடியுமா மாமா?"

"ஏத்தித்தான் ஆவணும்."

மீன் வாடை அடிக்கிற வண்டியில் நாலு பேர் தள்ளி ஏற்றினார்கள். ரகுபதி பின்னால் ஏறி அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. வண்டி ஊர்ந்தது. குதிரை படுக்கப் பார்க்கும்போதெல்லாம் அவர் தோளை முட்டுக்கொடுத்தார். "கொஞ்சம் நில்லு பாப்பா. தோ வந்துடுச்சி" என்று காசிமேட்டில் சொன்னார், ராயபுரத்தில் சொன்னார், வண்ணாரப்பேட்டை நெரிசலிலும் சொன்னார். அவர் சொன்னதை அவரே நம்பவில்லை.

ஆஸ்பத்திரியில் பதிவு எழுதுகிறவர் குதிரைக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டார்.

"அம்மன்."

"அம்மன்னா? உங்க வீட்டம்மாவா?"

"இல்ல சார். கோயில் அம்மன்."

அவர் பேனாவை நிறுத்திவிட்டு ரகுபதியை நிமிர்ந்து பார்த்தார். கூட்டி வந்தவர் பேரையே எழுதிக்கொண்டார். குதிரையின் பெயரைக் கேட்டதும் ரகுபதி அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, பாப்பா என்றார்.

டாக்டர் நர்மதாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மூக்கு வழியாக ஒரு நீளக் குழாயை இறக்கினார். புளித்த கூழ் வாளி வாளியாக வெளியே வந்தது. சின்ன வயதிலிருந்து அம்மன் பிரசாதம் என்று கையேந்தி வாங்கிக் குடித்த அதே கூழ்தான். அந்த வாடைக்கு ரகுபதி கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். வலிக்கு ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரம் தலையைத் தொங்கப்போட்டு நின்ற குதிரை மறுபடியும் வயிற்றைப் பார்த்துக் காலை உதைத்தது. டாக்டர் தோள்வரைக்கும் உறை மாட்டிப் பின்பக்கமாகக் கையை விட்டுப் பார்த்தார். வெளியே எடுக்கும்போதே அவர் முகம் சரியில்லை.

"குடல் திரும்பியிருக்கு, ஐயா. இது மருந்துக்கு அடங்காது. வயித்தைத் திறந்துதான் சரி பண்ணணும். வயசான குதிரை. பிழைக்கறதுக்குப் பாதிக்குப் பாதிதான் சொல்ல முடியும்."

"பண்ணலேன்னா?"

"நாளைக்குத் தாங்காது. ரொம்ப வேதனைப்பட்டுத்தான் போகும். அது வேண்டாம்னா வலி தெரியாம ஒரு ஊசியில முடிச்சிடலாம். எதுவா இருந்தாலும் சீக்கிரம் சொல்லுங்க. நேரம் போகப்போக அந்தப் பாதியும் குறைஞ்சிடும்."

ரகுபதி வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தார். ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒரு ஊசி என்று டாக்டர் சொன்னதும் அவர் மனசு ஒரு நொடி லேசாகிவிட்டது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கலாம். விடிந்தால் எழ வேண்டாம். கன்னியம்மாவோடு திருப்பதிக்குப் போகலாம். யாரும் அவரைக் குறை சொல்லப் போவதில்லை, அம்மன் அழைத்துக்கொண்டாள் என்பார்கள். இப்படியெல்லாம் தோன்றியதில் அவருக்கு வெட்கம் வந்தது. வெட்கத்தைவிட அசதிதான் பெரிதாக இருந்தது.

கிராமத்துத் தலைவர் தேசப்பனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார்.

"வயித்தக் கிழிக்கறதா?" என்றார் தலைவர். "அம்மன் குதிரை மேல கத்தி வெக்கலாமாடா? செலை ஒடஞ்சா பின்னம்னு கடல்ல வுடறோம். இதுவும் அப்டித்தான். நானா எதுவும் சொல்ல மாட்டேன். பூ போட்டு ஆத்தாவையே கேட்டுடறோம். கம்முனு இரு."

பூ போடுவது என்றால் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது. கடலுக்குப் போவதா வேண்டாமா, சம்பந்தம் செய்வதா வேண்டாமா எல்லாவற்றுக்கும் குப்பத்தில் அதுதான் முடிவு. ரகுபதியும் ஆயுசுக்கும் அதை மீறியதில்லை.

தலைவர் குளித்து, பூசாரியைத் தேடிப் பிடித்து, கிராமத்தாரைக் கூட்டுகிற வரைக்கும் குதிரையின் குடல் காத்திருக்குமா? ரகுபதி உள்ளே போய் அதன் பக்கத்தில் நின்றார். அது நெற்றியை அவர் நெஞ்சில் வைத்து முழு பாரத்தையும் சாய்த்தது. இத்தனை வருஷத்தில் அது அப்படிச் செய்ததில்லை. டாக்டர் ஒருமுறை எட்டிப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி வந்து பார்த்தார். 

போன் வந்தது.

"செவப்பு வந்துடுச்சிடா ரகு. ஆத்தா வாணாம்னுட்டா. ஊசியும் போட வாணாம். திருப்பிக் கொண்டாந்து கோயிலாண்ட கட்டிடு. அவ பாத்துப்பா."

ரகுபதிக்கு வேறொரு ஆடி ஞாபகம் வந்தது. விரல்களை இழந்த வருஷம் ஆடியில் அம்மன் பல்லக்கைத் தூக்க அவர் வழக்கம்போல் தோள் கொடுத்தார். ஊனப்பட்ட ஆள் தூக்கக் கூடாது என்று இதே தலைவர்தான் மெதுவாக அவர் தோளிலிருந்து தண்டை எடுத்து வேறொருவன் தோளில் வைத்தார். அன்றைக்கு யாரும் பூ போட்டுப் பார்க்கவில்லை. அவரும் ஒதுங்கி நின்று கும்பிட்டார்.

"இன்னாடா, கேக்குதா?"

"கேக்குது நைனா. ஒண்ணு சொல்லு. அன்னக்கூடையோட கூழு வெச்சீங்களே, அப்ப பூ போட்டுப் பாத்தீங்களா?"

 ரகுபதி போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். அவருக்குப் பயம் வந்தது. தலைவரிடம் அப்படிப் பேசியதற்காக அல்ல. சிவப்பு வந்த பிறகும் இதைச் செய்யப்போகிறோமே, அவள் பொறுப்பாளா என்றுதான். ஆத்தா, தப்புன்னா என்கிட்ட காட்டு, அதுகிட்ட காட்டாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு டாக்டரிடம் போனார்.

"பண்ணிடுங்கம்மா. நான் கையெழுத்து போடறேன்."

மயக்க ஊசியில் குதிரை சுவரோரம் சரிந்ததும் நான்கு கால்களையும் கட்டிச் சங்கிலியில் மேலே தூக்கி ஆபரேஷன் மேஜைக்குக் கொண்டுபோனார்கள். அதற்குமேல் அவரால் பார்க்க முடியவில்லை. வெளியே வந்து சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். அம்மனை வேண்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தார். உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிப்போனார். உள்ளே அதன் வயிறு திறந்து கிடக்க, வெளியே வாய் பிளந்து குறட்டை விட்டார் என்று வெற்றி பிறகு ஊரெல்லாம் சொன்னான். சொல்லட்டும். அந்தத் தூக்கம் எத்தனை வருஷத்துக் கடன் என்று அவனுக்கு என்ன தெரியும்?

"மாமா. எந்திரி மாமா. அது நின்னுகினு கீது."

ரகுபதி எழுந்து ஓடினார். குதிரை கால்களை அகட்டி வைத்து, தலை தொங்க, நடுங்கிக்கொண்டு நின்றது. அடிவயிற்றைச் சுற்றிக் கட்டு. டாக்டர் வியர்த்துக் களைத்துப் போயிருந்தார்.

"குடல் கருகலை. நல்லவேளை, சரியான நேரத்துல திறந்தோம். இனிமே அது லத்தி போடணும். போட்டாத்தான் குடல் வேலை செய்யுதுன்னு எனக்கு நிம்மதி. யாராவது கூடவே இருக்கணும். பாரம் ஏத்தறது, ஊர்வலம் கூட்டிட்டுப் போறது எல்லாம் இனி மறந்துடுங்க. ஒரு கைப்பிடி சோறுகூட யாரும் குடுக்கக் கூடாது."

"குடுக்க மாட்டாங்கம்மா" என்றார் ரகுபதி.

சாயங்காலம் போனை உயிர்ப்பித்ததும் தலைவரின் அழைப்பு வந்தது. குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால்கூடத் தேவலை என்று ரகுபதிக்குப் பிறகு தோன்றியது.

"உசுரோட கீதா?"

"கீது நைனா."

"எல்லாம் ஆத்தா புண்ணியம். சரி, நடந்தது நடந்துபோச்சு. ஆனா வயித்தக் கிழிச்சத இனிமே கோயிலாண்ட கட்ட முடியாது. பின்னமாயிடுச்சி. புழல் பக்கம் எங்கனா புல்லு கீற எடமாப் பாத்து அவுத்து வுட்டுட்டு வந்துடு. கிராமத்துல பேசிக்கினோம். அடுத்த ஆடிக்குள்ள சின்ன வயசா ஒரு குதிரை கொண்டாந்துடலாம். நீ ஒண்ணும் கவலப்படாத. அத்தயும் நீதான் பாத்துக்கணும். உன்னை வுட்டா குதிரைக்கு யாரு கீறா?"

ரகுபதி சுவரில் சாய்ந்தார். விட்டுவிடு, போதும் என்று யாராவது ஒருவர் சொல்ல மாட்டார்களா என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறார். இன்றைக்குச் சொல்லியும் விட்டார்கள். ஆனால் விடச் சொல்வது பாப்பாவை.

"வேற ஆளப் பாத்துக்கோங்க நைனா. என்னால ரெண்டு குதிரை பாக்க முடியாது."

"ரெண்டு எங்கடா கீது? உன்னாண்ட ஏது குதிரை?"

குரலை உயர்த்திச் சொல்லக்கூட அவரிடம் தெம்பில்லை.

"இத்தான் நைனா. இது என்னுது."