ஒற்றையாவின் கடைசிப் படி

ஒற்றையா செத்துப்போனார் என்று போன் வந்தபோது சுழியக்கா ஒரு கணக்குப் பாடப்புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தாள். உடனே எழுந்துவிடவில்லை. பத்தியை முடித்து, பேனாவை மூடிவிட்டுத்தான் எழுந்தாள். பத்தி நடுவில் விட்டுவிட்டு ஓடினால் அந்த மனுஷன் செத்த பிறகும் திட்டுவார்.

அச்சகங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் அந்தத் தெருவில் பிழை திருத்துகிறவர்கள் மொத்தம் பன்னிரண்டு பேர். ஒருவர் வீட்டுச் சண்டை மதியத்துக்குள் மற்றப் பதினொரு மேசைக்கும் வந்துவிடும். அவர்களில் மூத்தவர் செத்துப்போன இந்த மனுஷன்தான். விட்டுப்போன ஒற்றெழுத்து எந்தச் சந்தில் ஒளிந்திருந்தாலும் பிடித்து இழுத்து வந்து செருகிவிடுவார் என்பதால் ‘ஒற்று ஐயா’ ஆனார். நாக்குச் சோம்பலில் ‘ஒற்றையா’ ஆனார். அவர் செருகியதில் பாதியை அடுத்த மேசைக்காரி சுழி போட்டு நீக்குவாள். அதனால் அவள் சுழியக்கா.

“இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டுற புத்தகம் போன மாதிரியேதான் திரும்பி வருது. எனக்குச் சம்பளம்தான் தண்டம்” என்பார் அவர்கள் அச்சக முதலாளி.

ஒற்றையா பத்தொன்பது வயதில் காகிதக் கட்டுச் சுமக்க வந்தவர். ஒருநாள் சுமந்த கட்டின் மேல்தாளை ஓரக்கண்ணால் படித்துவிட்டு, “இதுல பள்ளின்னு வராம பல்லின்னு வந்திருக்கே” என்றார். பல்லித் தலைமையாசிரியர் ஆகவிருந்த ஒருவர் மயிரிழையில் தப்பினார். இவர் தோளிலிருந்து கட்டு இறங்கி, கையில் சிவப்புப் பேனா ஏறியது.

ஏறியது பிறகு இறங்கவே இல்லை. மகளுக்கு எவனோ எழுதிய காதல் கடிதம் அவர் கையில் சிக்கியபோது வீடே நடுங்கியது. அவர் உட்கார்ந்து பதினேழு இடங்களில் திருத்தி, கடிதத்தை மகளிடமே கொடுத்தார். “பையன் பரவால்ல. ஒற்று மட்டும் சுத்தமா வரல.” அந்தப் பையன்தான் பிறகு மாப்பிள்ளை. இன்றுவரை மாமனாருக்கு ஒரு வரி எழுதியதில்லை, எதுவானாலும் போன்தான்.

எல்லோரும் அவரை மதித்தார்கள். பிடித்திருந்ததா என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

சுழியக்காவுக்கும் அவருக்கும் இருந்த பெரும்பகை ஒரே ஓர் எழுத்தைப் பற்றியது. அவர் ‘எழுத்துக்கள்’ என்பார். அவள் ‘எழுத்துகள்’ என்பாள். நடுவில் நிற்கும் அந்த ‘க்’குக்காக இருபத்திரண்டு வருடம் அடித்துக்கொண்டார்கள்.

“எழுத்துக்கள்னா என்னங்கய்யா, எழுத்துல இறக்குன கள்ளா?”

“குடிச்சுப் பாரு. உன் வறட்டு இலக்கணத்துக்கு நல்லது.”

கடைசியில் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோதும் திருந்தியிருக்கவில்லை. மருந்துச் சீட்டில் ‘உணவுக்கு பின்’ என்றிருந்ததில் சிவப்பாக ஒரு ‘ப்’ போட்டு நர்ஸிடம் வசவு வாங்கிக்கொண்டிருந்தார். நர்ஸ் போனதும் சுழியக்காவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“ஏம்மா, எனக்கு இரங்கல் தாள் நீதான் பார்க்கணும். அந்த மூணாவது மேசைக் கண்ணாடிகிட்ட விட்டுடாத. ஒரே ஒரு பிழை இருந்துச்சு, எந்திரிச்சு வந்துருவேன்.”

“வர மாட்டீங்க. நான் பார்க்கிறேன்” என்றாள் அவள்.

வாக்குக் கொடுத்தாயிற்று. கொடுத்தது செத்துக்கொண்டிருந்தவருக்கு. படிக்கப்போவதோ தெருவிலுள்ள பிழை திருத்துகிறவர்கள் அத்தனை பேரும். பிழை வந்தால் ஓய்வு பெறும்வரை சொல்லிக் காட்டுவார்கள்.

தாளின் புரூஃப் வந்ததும் அவளும் மூன்றாவது மேசைக் கண்ணாடியும் தலைக்குத் தலை முட்ட உட்கார்ந்தார்கள். கண்ணாடி என்பது அந்த மனிதரின் பெயராகிப் பல வருடம் ஆயிற்று; கழற்றினால் சுவர் எது, சன்னல் எது என்று தெரியாது. இரண்டாவது வரியிலேயே வண்டி நின்றது. ‘வாழ்நாளெல்லாம் எழுத்துகளோடு வாழ்ந்தவர்.’

“அக்கா, இது அவரோட தாள். அவரு இலக்கணப்படிதானே போகணும்?” என்றார் கண்ணாடி.

“செத்துட்டா தப்பு சரியாயிடுமா?”

“ஒரு ‘க்’தானே? போனாப் போகுது.”

“ஒரு ‘க்’கா? இருபத்திரண்டு வருஷம்யா!”

இரண்டு தேநீர் ஆறின. கண்ணாடி ஓர் அகராதியை இறக்கினார். அவள் இரண்டை இறக்கினாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, முள்ளை விழுங்குகிறவள்போல, தன் கையாலேயே அந்த ‘க்’கைச் செருகினாள். மற்ற வரிகளை மூன்றுமுறை படித்தாள். மூலையில் ‘அச்சிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இருநூறு படிகள் ஓடின.

ஞாயிற்றுக்கிழமை காலை பைண்டிங் அறையில் கூட்டம். பசை வாளிகளை ஓரங்கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். தாள் கைக்கு வந்ததும் பதினொரு பேனாக்கள் தாமாகத் திறந்துகொண்டன. துக்கம் ஒருபக்கம் இருக்கட்டும், பழக்கம் விடுமா?

“அக்கா, ‘க்’ போட்டுட்டீங்களே! அவரு ஜெயிச்சுட்டாரா?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சீண்டினார்.

வேறு யாருக்கும் எதுவும் அகப்படவில்லை. பேனாக்கள் ஏமாற்றத்தோடு மூடிக்கொண்டன. சுழியக்கா மூன்று நாளில் முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

முன்வரிசையில் ஒற்றையாவின் மனைவி விரலை வைத்து மெதுவாகப் படித்தார். அவர் மட்டும் தாளின் உச்சியிலிருந்து தொடங்கினார்.

“ஏம்மா சுழி, இவரு எங்கேயிருந்து இறங்குனாரு?”

“என்னம்மா?”

“மேல இவ்ளோ பெருசா ‘இறங்கல் கூட்டம்’னு போட்டிருக்கே. பஸ்ஸுலேருந்தா?”

பதினொரு தலைகளும் ஒரேசமயத்தில் தாளின் உச்சிக்கு ஏறின. தலைப்பில், கட்டைவிரல் பருமனில், சின்ன ‘ர’ உட்கார வேண்டிய இடத்தில் பெரிய ‘ற’ கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. ‘க்’கோடு மல்லுக்கட்டிய இரண்டு பேரும் தலைப்புப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. பன்னிரண்டு மேசைத் தெருவில் பதினொரு பேரும் பார்க்கவில்லை.

சுழியக்காவுக்குக் காது சுட்டது. “அம்மா, மன்னிச்சிருங்க...”

“அட, விடும்மா. எங்க கல்யாணப் பத்திரிகையில மேல கொட்டை எழுத்துல ‘மனமக்கள்’னு இருந்துச்சு. அவரே திருத்துனதுதான். கீழ, எந்த பஸ்ஸுல வரணும்னு பொடி எழுத்துல போட்டதெல்லாம் ஒற்றோட சுத்தமா இருந்துச்சு. முப்பத்தஞ்சு வருஷமா அதை வெச்சுத்தான் நான் அவரை அடக்கிட்டு இருந்தேன்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுழியக்கா சிரிக்கவில்லை.

“அதில்லம்மா. வாக்குக் கொடுத்திருந்தேன். ஒரு பிழை இருந்தாலும் எந்திரிச்சு வந்துருவேன்னு சொன்னாரு.”

“சொன்னாரா?” ஒற்றையாவின் மனைவி தாளை மடியில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். “சரி, பார்ப்போம்.”

அறை மொத்தமும் வாசலைப் பார்த்தது. வேடிக்கைக்குத்தான். ஆனாலும் யாரும் முதலில் கண்ணை எடுக்கவில்லை. கதவு கிறீச்சிட்டது. கண்ணாடி பாதி எழுந்தேவிட்டார்.

இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு முதலாளி உள்ளே வந்தார். “என்ன எல்லாரும் என்னை இப்படிப் பார்க்குறீங்க?”

“ஒண்ணுமில்ல” என்றார் ஒற்றையாவின் மனைவி. “பிழை இருக்கு. ஆள் வரல.”

சுழியக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கைக்குட்டை கொண்டுவரவில்லை. மேசையில் மிச்சத் தாள்கள் வீணாகக் கிடந்தன. ஒன்றை எடுத்து மூக்கைச் சிந்தினாள். பிறகு இன்னொன்றை எடுத்துப் பேனாவைத் திறந்து, தலைப்பில் ‘ற’வை அடித்து ‘ர’ போட்டாள்.

“மறுபடி அடிக்கணும் முதலாளி.”

பேனா இரண்டாவது வரிக்கு இறங்கி நின்றது.

“அக்கா, அதை விட்டுருங்க” என்றார் கண்ணாடி.

“எதுக்கு விடணும்? ரெண்டு பிழைக்கும் எந்திரிக்காதவரு இனிமேலா எந்திரிக்கப்போறாரு?” என்று சொல்லிக்கொண்டே சுழியக்கா ‘க்’கைச் சுழித்தாள்.