மேட்டின் மேல் ஒரு கட்டில்

மரக்காணத்துக் கரையில் மலை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. உப்பளம் தட்டை, கழுவெளிச் சதுப்பு தட்டை, கடலும் அப்படித்தான். அனுமந்தைக்குத் தெற்கே ஒரு குப்பத்தின் பின்னால் மட்டும், வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவில், தென்னை உயரத்துக்கு ஒரு மணல்மேடு எழும்பி நிற்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுதான் மலை.

கடல் பக்கத்துச் சரிவில் மீன் காயும். உச்சியில் வலை உலரும். வடக்கு மூலையில் பால் குடி மறக்காத குழந்தைகளைப் புதைத்திருக்கிறார்கள். மேற்கு அடிவாரத்தில் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். நாள் முழுக்க உப்பளத்தில் நின்றுவிட்டு வரும் பெண்கள் சாயங்காலம் சுடுமணலில் காலைப் புதைத்து உட்காருவார்கள்; வலி கொஞ்சம் இறங்கும்.

மேட்டின்மேல் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இடம் உண்டு. அங்கே ஒரே ஒரு சட்டம்தான். ஒரு வீடு வைத்த பொருளை இன்னொரு கை தொடக் கூடாது. மீனைக் காயப்போட்டுவிட்டுக் காவல் இருக்க யாருக்கு நேரம்? வெளியூரில் கை நீட்டுகிறவன்கூட இங்கே நீட்ட மாட்டான்.

சின்னப்பாப்பாவுக்கு மேட்டில் இடம் கிடையாது. பிரம்மதேசத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், உப்பளத்துக் கூலி. மீனும் இல்லை, வலையும் இல்லை. அவளுக்கு இருந்தது அடிவாரத்து ஊற்று.

அவள் புருஷன் பாவாடை உப்பு மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து ஆறு வருடம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. முதல் வருடமே படுக்கைப் புண் வந்து எலும்பு தெரிந்தது. தெருவே வந்து அழுதது. அவள் அழுதவர்களை வீட்டுக்கு அனுப்பினாள். ஊற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துப் புண்ணைக் கழுவினாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னதை விடாமல் செய்தாள், அவ்வளவுதான். புண் மூடியது. குழாய்த் தண்ணீர் வரும் லட்சணத்துக்குக் குடிக்கத்தான் காணும். படுத்த படுக்கையாய் ஓர் ஆளை வைத்திருக்கும் வீட்டில் துவைக்கவும் துடைக்கவும் எவ்வளவு தண்ணீர் போகும் என்பது, செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த வருடம் ஊர் கல்யாண மண்டபம் கட்ட முடிவு செய்தது. நியாயமான ஆசைதான். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கூனிமேட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. மண்டபத்து இடம் பள்ளம். நிரப்ப மண் வேண்டும். கூப்பிடு தூரத்தில் மேடு இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அவரவர் பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும், மறுநாள் ஜேசிபி வரும் என்று ஊர்க்கூட்டத்தில் தலைவர் திருமுருகன் அறிவித்தார். மீன் காயப்போட சிமெண்ட் தளம் போட்டுத் தருவதாகவும் சொன்னார்.

சின்னப்பாப்பா எழுந்தாள். "மேட்ட எடுத்தா ஊத்து கரிச்சிடும். எங்க அக்கா ஊர்ல அதான் ஆச்சு. அடுத்த வெயிலுக்குத் தண்ணிய வாயில வெக்க முடியல."

"அது வேற ஊரு, அக்கா."

"கடலு ஒண்ணுதான தலைவரே."

சிலர் சிரித்துவிட்டார்கள். திருமுருகனின் முகம் மாறியது. "மேட்டுல உனக்கு இன்னா இருக்குதுன்னு பேசற? இடம் வெச்சிருக்கிறவங்க பேசட்டும்."

இடம் வைத்திருந்தவர்கள் பேசவில்லை. சரிவில் எல்லாரையும்விடப் பெரிய இடம் வைத்திருந்த மீன்காரி வைஜெயந்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேடு மழித்த தலை மாதிரி இருந்தது. சின்னப்பாப்பா வீட்டுக்கு வந்து புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"என்னிய எங்க தூக்கினு போறேன்ற?"

"மலைக்கு."

"மலைக்குப் போனா மொட்ட அடிக்கணுமே."

"உனக்கு அடிக்க அங்க இன்னா இருக்குது? வர்றியா இல்லியா? வேணாம்னா வேணாம்."

பாவாடை கூரையைப் பார்த்தார். "ஆறு வருசமா இதையேதான் பாத்துனு கெடக்கறேன். வர்றேன்."

விடிந்ததும் அவளுடன் உப்பு சுமக்கும் நான்கு பெண்கள் வந்தார்கள். சின்னப்பாப்பா அவர் குதிகாலுக்கு அடியில் துணியை மடித்து வைத்தாள். முழங்கால்களுக்கு நடுவே தலையணை. மூத்திரப் பையைக் கட்டிலுக்குக் கீழே தாழ்வாகக் கட்டினாள். தலைமாட்டில் ஒரு குடை. நால்வரும் இரும்புக் கட்டிலோடு அவரைத் தூக்கி, உச்சியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனார்கள். சின்னப்பாப்பா கட்டிலருகே உட்கார்ந்துகொண்டாள்.

ஜேசிபி ஓட்டி வந்த சுரேஷ் வெளியூர்ப் பையன். மேட்டை அண்ணாந்து பார்த்தான். "தலைவரே, மேல யாரோ படுத்துகினு இருக்காரு."

திருமுருகன் மூச்சிரைக்க ஏறி வந்தார். பின்னால் பாதி ஊர். "இன்னாக்கா இது?"

"எங்க ஊட்டுப் பொருளு. வெச்சிருக்கேன்."

"மனுசனப் போயி பொருளுன்றியே."

கட்டிலிலிருந்து பாவாடை சொன்னார். "ஆறு வருசமா வெச்சிருக்குது தலைவரே. ஒரு நாளும் தொலைச்சது இல்ல."

"உனக்கு இங்க இடமே கெடையாது."

"காலியாத்தான இருந்துச்சு. எல்லாரும் எடுத்துனு பூட்டீங்களே."

தலைவர் கூட்டத்தைப் பார்த்து, நான்கு பேர் வந்து கட்டிலை இறக்குங்கள் என்றார். யாரும் அசையவில்லை. அவரே கட்டில் காலைப் பிடிக்கக் குனிந்தார். கை பாதி தூரம் போய் நின்றது. தலைவரே தொட்டார் என்றால் நாளைக்கு எவன் வலைக்கு என்ன மரியாதை? அவருடைய வலையும் கரையில்தான் கிடந்தது. கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இப்பிடியே எத்தன நாளைக்கு?"

"அவரப் பொரட்டற நேரமாச்சு. கொஞ்சம் நகருங்க."

ஊரே பார்த்து நிற்க, அவள் புருஷனை இடது பக்கம் திருப்பி, முதுகைத் தடவிப் பார்த்தாள். ஈரமில்லை, சிவப்பில்லை. அவர் முகம் இப்போது கடலைப் பார்த்திருந்தது. கீழே சுரேஷ் இஞ்சினை அணைத்தான். "ஆளு மேல நான் பக்கெட்ட தூக்க மாட்டேன். நீங்க பேசி முடிச்சிட்டுக் கூப்புடுங்க."

வெயில் ஏறியதும் வைஜெயந்தி தலையில் நெத்திலிக் கூடையுடன் வந்தாள். சின்னப்பாப்பாவை ஏறிட்டுப் பார்க்காமல் தன் பழைய இடத்தில் பாயை விரித்தாள்.

"சிமெண்ட்டுல மீனு வேவும். காயாது," என்றாள், யாருக்கோ சொல்வதுபோல.

"அன்னிக்கே சொல்றதுதான?"

"அன்னிக்கு நீ பேசினு இருந்த."

சாயங்காலத்துக்குள் மூன்று வீட்டு வலைகள் திரும்பி வந்தன. ஜேசிபி திரும்பிப் போனது.

பால் குடிக்கிற வயதில் போன சின்னப்பாப்பாவின் மூத்த பிள்ளை மேட்டின் வடக்கு மூலையில் கிடக்கிறது. அதற்காகத்தான் விடவில்லை என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அவள் விடாதது தண்ணீருக்காக. அதைச் சொன்னால் கேட்கிறவர்களுக்கு ருசிக்கவில்லை.

மண்டபத்து இடம் இன்னும் பள்ளம்தான். திருமுருகன் தன் மகள் கல்யாணத்தைக் கூனிமேட்டில் நடத்தினார். சின்னப்பாப்பாவுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. பொங்கல் கழித்து மறுபடியும் கூட்டம் போடுவோம் என்கிறார்கள். போடட்டும்.

ஜேசிபி திரும்பிப் போன அன்று பாவாடையைப் பலகையில் படுக்கவைத்து இறக்கினார்கள். கட்டில் மேட்டிலேயே இருக்கிறது. கால்கள் துருவேறி மணலில் இறங்கிவிட்டன. ஒரு கையும் அதைத் தொட்டதில்லை. வீட்டில் மெத்தையைத் தரையில் போட்டிருக்கிறாள். குனிந்து குனிந்து புரட்டுவதில் அவளுக்கு இடுப்பு விட்டுப்போகிறது.

"கட்டில எடுத்துனு வந்துடேன்," என்றார் பாவாடை. "உன் இடுப்பு போயிடும்."

"அதுக்கு அங்க வேல இருக்குது," என்று சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போனாள்.