நெளிந்த இசைத்தட்டும் என் பட்டுப்புடவைகளும்

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் குடும்பம் எங்களுடையது. தறியில் உட்கார்ந்தால் என் கணவருக்குப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகப் பழைய இசைத்தட்டுகளைத் தேடித் தேடி வாங்கி வைத்திருக்கிறார்.

சென்ற மழைக்குப் பிறகு அவற்றில் பூஞ்சை படிந்திருந்தது. பட்டுப்புடவைகளை நிழலில் காற்றாட விடுவோமே, அதேபோல அவற்றையும் உறையிலிருந்து எடுத்து மொட்டைமாடிக் கொட்டகை நிழலில் பரப்பிவிட்டுச் சமைக்கப் போனேன். வெயில் திரும்பும் என்பதை மறந்தே போனேன். வந்து பார்த்தால், ஓரத்தில் இருந்த தட்டு அப்பளம் போல நெளிந்து கிடந்தது. அவருக்கு மிகவும் பிடித்த தட்டு! அதை எடுத்துக்கொண்டு தறியில் இருந்த அவரிடம் போனேன்.

அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொடவைன்னு நெனச்சிக்கினியாமா?"

பிறகு இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே தட்டை வைத்து, பாரத்துக்கு என் பீரோவிலிருந்த பட்டுப்புடவைகளை எல்லாம் மேலே அடுக்கினார். "ரெக்கார்டு நிமிர்ற வரைக்கும் ஒண்ணுகூட எடுக்காத."

அதற்குள் நாத்தனார் வீட்டுக் கல்யாணம் வந்துவிட்டது. நெசவு வீட்டு மருமகள் நான், பருத்திப் புடவையில் போய் நின்றேன். கேட்டவர்களிடமெல்லாம், "பட்டுக்கு வீட்ல வேலை இருக்குதுபா" என்றேன்.

தட்டு நிமிர்ந்துவிட்டது. முள் ஓரிடத்தில் லேசாக ஏறி இறங்கினாலும் பாட்டு நிற்காமல் ஓடுகிறது. இப்போதெல்லாம் தட்டுகளை வீட்டுக்குள்ளேயே மெல்லிய துணியால் துடைத்து, உறையிலிட்டு, அலமாரியில் நிமிர்த்தி வைக்கிறேன். மொட்டைமாடிக்கு அப்பளம் மட்டும்தான் போகிறது.