எங்களுக்கு மட்டும் போன ஜென்மம்

திருப்பூரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், தையல் மெஷினில் விரலைக் காக்கிற ஊசித் தடுப்பைக் கழற்றி வைத்துவிடுவார்கள். அது இருந்தால் தைக்கிற வேகம் குறைகிறதாம். வெளிநாட்டு ஆடிட் வருகிற அன்று காலையில் மாட்டுவார்கள். ஆடிட்காரர்களின் கார் கேட்டைத் தாண்டியதும் மறுபடி கழற்றிவிடுவார்கள்.

ஒரு நாள் டெய்லர் அக்கா ஒருவரின் விரலில் ஊசி இறங்கி நகத்துக்குள்ளேயே முறிந்தது. முதலாளி வந்து பார்த்தார். நெற்றி நிறையத் திருநீறு. தடுப்பைப் பற்றி மூச்சே விடவில்லை.

"போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணுச்சோ, இப்ப அனுபவிக்குதுங்க" என்றார்.

சுற்றி நின்றவர்கள் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டினார்கள். பாவத்தைச் சொல்லும்போதும் முதலாளியின் பேச்சில் அந்த மரியாதை 'ங்க' மட்டும் குறையவில்லை.

அடுத்த வாரம் அவிநாசி ரோட்டில் அவருடைய புதுக் காரை ஒரு வேன் உரசிவிட்டது. கதவில் ஒரு கோடு, அவ்வளவுதான். உடனே கம்பெனி வாசலில் காரை நிறுத்திப் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள்.

"ஏனுங்க, இதுவும் போன ஜென்மத்துப் பாவமுங்களா?" என்று முதலாளியிடம் கேட்டே விட்டேன்.

"சேச்சே! இது ஊர்க் கண்ணுங்க" என்றார்.

சிதறிய பூசணிக்காயை அந்த அக்காதான் கூட்டி அள்ளினார். விரல் ஆறும்வரை அவரைக் கூட்டுகிற வேலைக்குப் போட்டிருந்தார்கள்.