அலுமாரிக் கதவில் ஐந்து வரி

துறைமுகத்துக்கு வரவிருக்கும் கப்பல்களின் பட்டியலை இன்று கணினியில் பதிந்துகொண்டிருந்தேன். அதில் ஒன்றின் பெயர் கஞ்சன்ஜங்கா.

"அக்கா, இதென்ன பேர்? வாய்க்குள்ள நுழையுதில்லை" என்றாள் பக்கத்து மேசை நஸ்ரின்.

"மலை" என்றேன்.

சிறு வயதில், எங்கள் பாலையூற்று வீட்டில் அம்மா நெத்தலி பொரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் அந்தப் பெயரை முதலில் கேட்டேன். அண்ணா ஆங்கில அகராதியோடு குசினி வாசலில் இருந்தான்.

"திபெத்துச் சொல்லடி. பெரும்பனியின்ர அஞ்சு பொக்கிஷமாம். எவரெஸ்டுக்குத் தன்ர ஆளின்ர பேரை வைச்ச இங்கிலீஸ்காரன், இதை மட்டும் அப்பிடியே விட்டிட்டான்."

எங்கள் வீட்டின் ஐந்து பொக்கிஷங்களை அலுமாரிக் கதவின் உட்புறத்தில் சோக்கட்டியால் எழுதத் தொடங்கினான். அப்பாவின் வள்ளம், அம்மாவின் தையல் மெசின், ரேடியோ, பசு. ஐந்தாவதை எனக்கு விட்டான். நான் 'அண்ணா' என்று எழுதினேன்.

"விசரி, ஆளும் பொக்கிஷமோ? என்னை ஆர் வாங்குவான்?" என்று குட்டினான். ஆனால் அழிக்கவில்லை.

பிறகு அவனைப் படகில் அவுஸ்திரேலியாவுக்கு அனுப்புவதற்காக முதல் நான்கையும் விற்றோம். அந்தப் படகு கரைசேர்ந்ததாக இன்றுவரை தகவல் இல்லை. அலுமாரிக் கதவைத் துடைக்க அம்மா யாரையும் விடுவதில்லை.

"பேருக்குக் கருத்து ஏதும் இருக்கோ அக்கா?"

"ஓம். அஞ்சு பொக்கிஷம்."

"என்னென்ன?"

பட்டியலின் அடுத்த கட்டம், வந்துசேரும் நேரம். நாளை காலை ஆறு மணி என்று பதிந்தேன்.