கிராணியின் இருநூறு மில்லி

ஜப்பான்காரன் ஆண்டபோது எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆயாக்கொட்டகையை நான்தான் பார்த்துக்கொண்டேன். தேயிலையைப் பிடுங்கிய சரிவில் மரவள்ளி நடப் போகும் பெண்கள், காலையில் பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். பதினோரு பிள்ளைகள். நாலு பேரின் தகப்பன்கள் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள்.

அரிசி இல்லை. ஒரு கறவை மாடு இருந்தது. துரை ஓடிப்போனபோது பங்களாவில் விட்டுப்போன கண்ணாடி கிளாஸ்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கோடு, அதன் மேல் கிரீடம், ‘அரை பைண்ட்’ என்று இங்கிலீஷ் எழுத்து. பாலில் கஞ்சித்தண்ணீர் கலந்து அந்தக் கோடுவரை ஊற்றிக் கொடுப்பேன்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஒரு நாள் ஜப்பான்காரன் உத்தரவுக் காகிதத்தோடு வந்தார். துரை இருந்தவரை துரையின் நாய்க்குக் குடை பிடித்தவர். ஜப்பான்காரன் வந்ததும் இடுப்பை வளைத்துக் கும்பிட எல்லாருக்கும் முன்பாகக் கற்றுக்கொண்டவர்.

“வெள்ளக்காரன் அளவு இனிமே கூடாது. கிலாஸ்ல எல்லாம் மில்லியிலதான் எழுதியிருக்கணும்.”

“அரை பைண்ட்டுக்கு எத்தன மில்லிங்க?”

அவருக்குத் தெரியவில்லை. காகிதத்தில் தேடினார்; அதிலும் இல்லை. “இருநூறு,” என்றார்.

அரத்தால் கிரீடத்தையும் எழுத்தையும் சுரண்டினார். பழைய கோட்டுக்குக் கட்டைவிரல் அகலம் கீழே சிவப்புச் சாயத்தில் புதுக்கோடு போட்டார். அரை பைண்ட் இருநூற்று எண்பதுக்கு மேல் என்று பிற்பாடு ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அன்றைக்கே கண்ணால் பார்த்தாலே தெரிந்தது.

“அப்ப மிச்சப் பாலு?”

“ஆபீசுக்கு அனுப்பிடு.”

ஆபீசில் பால் குடிக்க யார் இருந்தார்கள்? அவர் வீட்டில்தான் காப்பி மணத்தது.

சாம்பல் போட்டுத் தேய்த்ததில் சாயம் இரண்டே நாளில் போனது. பேப்பரில் ‘இருநூறு மில்லி’ என்று எழுதி ஒட்டச் சொன்னார். மரவள்ளி மாவில் பசை காய்ச்சி ஒட்டினேன். மத்தியானம் பார்த்தால் ஒரு கிளாஸிலும் பேப்பர் இல்லை. பிள்ளைகள் பசையை நக்கி, பேப்பரையும் மென்று தின்றிருந்தார்கள். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அடிச்சு வளக்கணும் இதுங்கள,” என்றார்.

அவர் தலை மறைந்ததும் பழைய கோடுவரையே ஊற்றினேன். ஆபீசுக்குக் கஞ்சித்தண்ணீர்தான் போனது.

அடுத்த வாரம் ஜப்பான் அதிகாரி மேற்பார்வைக்கு வந்தான். தண்ணீர் வேண்டுமென்று சைகை காட்டினான். கொடுத்தேன். கிளாஸில் என்ன எழுதியிருக்கிறது என்று அவன் பார்க்கவே இல்லை. கிராணி முந்திக்கொண்டு அவன் கையிலிருந்த கிளாஸைத் தொட்டு, “மில்லி, துவான், மில்லி,” என்று மலாயில் ஐயா போட்டுச் சொன்னார். குடிக்கும்போது குறுக்கே கை நீட்டியதற்கு விட்டான் ஒரு அறை. மூக்குக் கண்ணாடி தரையில் விழுந்தது. கிராணி அதைக் குனிந்து எடுக்காமல் மறுபடி கும்பிட்டார்.

எனக்கு இரக்கம் வரவில்லை. அருவருப்பாகத்தான் இருந்தது.

மறுநாள் பாலுக்கு ஆள் அனுப்பினார்.

“மிச்சம் இல்லன்னு போய்ச் சொல்லுலா,” என்றேன். பால் போகும் இடம் அதிகாரிக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ, அதன்பின் கேட்கவில்லை.

அந்தப் பதினோரு பேரில் இரண்டு பேரை மலைக்காய்ச்சல் கொண்டுபோனது. மீதிப் பேர் பிழைத்தார்கள். சண்டை முடிந்தபின் கிராணி பக்கத்து ரிங்லெட் டவுனில் மளிகைக்கடை வைத்துச் செழிப்பாக இருந்தார். வழியில் கண்டால், “சொகமா ஆயா?” என்பார். நான் அவர் கடையைத் தாண்டி அடுத்த கடையில்தான் சாமான் வாங்குவேன்.